இருநூற்றுப் பதினான்காம் எண் வேங்கை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கொடுத்தது இருபது நிமிடம். பொன்னாடை போர்த்தவும் மைக்கைத் தட்டிப் பார்க்கவும் அதில் எட்டு நிமிடம் போயிற்று. மீதி நேரத்தில் டேப்பை மரத்தில் எப்படிச் சுற்றுவது, சரிவில் எந்தப் பக்கம் நின்று அளப்பது என்று எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே படம் போட்டு இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கிழவி சூலூரிலிருந்து பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க பண்ணின பெரிய தப்பு என்னங்க?"

"தினமும் டிபன் பாக்ஸை ஜீப்பிலயே மறந்து வெச்சதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அந்த முகம் என்னை விடவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். படிக்காவிட்டாலும் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலை மரம் எண்ணுவது. உடுமலைப்பேட்டை தாண்டி மலையடிவாரத்தில் நமது அலுவலகத்துக்கு ஒரு ஆராய்ச்சித் திடல் இருக்கிறது. நாலு பக்கமும் கல் நட்ட காட்டுத் துண்டு. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் அலுமினியத் தகட்டில் ஒரு எண். வருடம் ஒரு தடவை, மாசி பங்குனியில், எல்லா மரத்தையும் நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு எடுப்போம். பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து போடுவோம். உயிரோடு இருந்தால் 'ஏ', செத்திருந்தால் 'டி'. அவ்வளவுதான். சுற்றளவை வாய்ப்பாட்டில் போட்டால் மரத்தின் எடை வரும். அதில் ஏறக்குறைய பாதி கரி, அதாவது கார்பன். எல்லா மரத்தையும் கூட்டினால், காற்றிலிருந்து இந்தக் காடு எவ்வளவு கரியை இழுத்துத் தன்னிடம் வைத்திருக்கிறது என்று தெரியும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம்முடையது இலையுதிர்க்கும் காடு. பங்குனியில் தேக்கு, வேங்கை, கருமருது எல்லாம் மொட்டையாகத்தான் நிற்கும். உயிரோடு இருக்கும் மரமும் செத்த மரமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இலையிருக்கும் காலத்தில் எண்ணலாமே என்று கேட்பீர்கள். அப்போது புதர் மண்டி யானை எங்கே நிற்கிறதென்று தெரியாது. அதனால் தொடக்கத்திலிருந்தே மொட்டை மரங்களை எண்ணித்தான் பழக்கம்.

சேர்ந்த முதல் வருடமே நான் ஒரு கருமருதுக்கு 'டி' போட்டேன். கிளையை ஒடித்துப் பார்த்தேன், பட்டென்று முறிந்தது. பட்டையும் உரிந்திருந்தது. 'டி' போட்டு, வழக்கப்படி தகட்டையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சித்திரையில் ஒரு மழை பெய்தது. வைகாசியில் என் மேலதிகாரி ஏதோ வேலையாகத் திடலுக்குப் போனவர், உச்சியிலிருந்து அடிவரை தளதளவென்று துளிர்த்து நிற்கும் அந்தக் கருமருதைப் பார்த்துவிட்டு வந்தார். அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டார்.

"ஏனம்மணி, நீ எமனுக்குச் சொந்தமா? அவன்கூட ஓலையைப் படிச்சுப்போட்டுத்தான் கயித்தை வீசுவான். நீ எடுத்ததும் வீசிப்போட்டயே!"

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'எமன் அம்மணி'. டீக்கடை வரைக்கும் அந்தப் பெயர் போயிற்று. சாயங்காலம் அவரே என் மேசைக்கு வந்து நின்றார். கோபம் தணிந்திருந்தது.

"இங்க பாரு கண்ணு. சந்தேகம் வந்துச்சுன்னா 'ஏ' போட்டுரு. செத்த மரம் எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வருசம் வந்து 'டி' போட்டுக்கலாம். உசுரோட நிக்கறதுக்கு 'டி' போட்டயின்னா, அத்தனை வருசக் கணக்கும் சந்தி சிரிச்சுப்போகும்."

அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் இப்போது இல்லை. தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். அவர் சொன்ன விதியும் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கு நாலு மரமோ ஐந்து மரமோதான் சாகும். ஒரு வருடம் தள்ளி எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த வருடம் என்று ஒன்று, போன வருடத்தைப் போலவே வரும் என்று நம்பிச் செய்த விதி அது. நானும் நம்பினேன்.

நஞ்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடலின் கிழக்கு ஓரத்தில் ஏழெட்டு வீடுகள் உள்ள ஒரு மலைவாழ் குடியிருப்பு உண்டு. நஞ்சன் அங்கே இருப்பவர், திடலுக்கு வாட்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். வேலையின் கடைசி வருடம் வரைக்கும் 'நஞ்சா, வா', 'நஞ்சா, பிடி' தான். நாயை விரட்டுவதற்கும் 'போங்க' என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். அந்த மனுசனுக்கு ஒரு 'ங்க' போட எனக்கு முப்பது வருடம் தோன்றவில்லை.

ஒவ்வொரு மரத்தையும் அவர் அரிவாளின் முதுகால் மூன்று தட்டு தட்டுவார். காதைக் கொஞ்சம் சாய்ப்பார். "உசுருங்கம்மா" என்பார், இல்லையென்றால் "போச்சுங்கம்மா" என்பார். நான் கேட்டுக்கொள்வேன், அதை எழுத மாட்டேன். பட்டையைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று நான் பார்த்து, நான் நினைப்பதைத்தான் எழுதுவேன். படிவத்தில் வாட்சர் சொன்னதற்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

அவருடைய மனைவி மாசாணி. வாய் என்றால் வாய். நான் டேப்போடு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், "ஊட்டுக்காரர்கூட இத்தனை பாசமா இருக்க மாட்டீங்களாட்ட இருக்குது!" என்று கத்துவாள். காலை பதினோரு மணிக்கு ஒரு சொம்பு வரக்காப்பி கொண்டுவந்து வைப்பாள். எனக்குச் சர்க்கரை குறைவாக, நஞ்சனுக்கு அதிகமாக. முப்பது வருடத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனது இரண்டு தடவை. இரண்டாவது தடவையைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் மழை பொய்க்கத் தொடங்கியது. கோடை மழை ஒரு வருடம் இல்லை. அடுத்த வருடம் வந்தது, ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடிப்போயிற்று. மூன்றாம் வருடம் மறுபடி இல்லை. மாசியிலேயே சித்திரை வெயில். உடுமலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலையில்லாத தென்னைகள் தோட்டம் தோட்டமாக நின்றன. தென்னை செத்தால் தோட்டத்துக்காரருக்குத் தெரியும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார், ஊரே துக்கம் கேட்கும். காட்டு மரம் செத்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அந்த மூன்றாம் வருடப் பங்குனியில் நஞ்சன் தட்டிக்கொண்டே வந்தார். "போச்சுங்கம்மா... போச்சுங்கம்மா... இது உசுருங்க... போச்சுங்கம்மா." கீறிப் பார்த்தேன். நிறைய மரங்களில் பட்டைக்கடியில் பச்சையே இல்லை, பழுப்புதான். அடியில் வண்டு அரித்த மாவு கொட்டிக் கிடந்தது. மூன்று நாளில், என் மொத்தப் பணிக்காலத்தில் போட்டதைவிட அதிகமான 'டி' போட்டேன். உடுமலைக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

அப்போது என் பழைய அதிகாரி ஓய்வுபெற்றுப் போயிருந்தார். புதியவர் நன்றாகப் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நம் காடுகள் வருடா வருடம் கூடுதலாகக் கரியைச் சேமிக்கின்றன என்று ஒரு பெரிய அறிக்கை அவர் கையில் முக்கால்வாசி முடிந்திருந்தது. எங்கள் திடலின் எண்தான் அதில் முதல் பக்கம்.

"இவ்வளவு டி-யா? நிச்சயமாத் தெரியுமா? மொட்டையா நிக்கறதைப் பார்த்துட்டு..." என்று இழுத்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "உங்களுக்கு இங்க ஒரு பேரு உண்டாமே?"

அவர் அழிக்கச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை பாத்துருங்க" என்றார், அவ்வளவுதான். இதை நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடமும் யாரும் வந்து பொய் எழுது என்று சொல்லப்போவதில்லை. இன்னொரு தடவை பார் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று குத்தியது. மறுநாள் திடலுக்குப் போனேன். கையில் பென்சில் இருந்தது, ரப்பரும் இருந்தது. சந்தேகம் வந்தால் 'ஏ' போடு என்று ஒரு விதியும் இருந்தது. சந்தேகம் இல்லாத இடத்திலும் சந்தேகத்தை வரவழைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம், மரம் எங்கே ஓடப்போகிறது? பாதிக்கு மேல் அழித்தேன். நான் ரப்பர் தூளை ஊதுவதை நஞ்சன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்ப்பாட்டுக்கு மூச்சு விடுகிற மரம் எது, விடாத மரம் எது என்று தெரியாது. சுற்றளவைத்தான் அது கேட்கும். செத்த மரத்துக்கும் சுற்றளவு உண்டு. ஆக, காடு செத்துக்கொண்டிருந்தது, காகிதத்தில் கரி ஏறிக்கொண்டிருந்தது. அறிக்கை வந்தது, பாராட்டும் வந்தது. எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அலமாரியில் எங்கேயோ கிடக்கிறது.

அன்றைக்கு அழித்தவற்றில் கடைசி மரம்தான் இருநூற்றுப் பதினாலு.

திடலின் கிழக்குக் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற வேங்கை. திடலிலேயே பெரியது. நானும் நஞ்சனும் கை கோத்தாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. கரிக் கணக்கில் சின்ன மரங்கள் ஒரு வரிசையே சேர்ந்தாலும் அந்த ஒரு மரத்துக்கு ஈடாகாது. அது சற்றுச் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கத்தில் நஞ்சனின் வீடு.

நஞ்சன் தட்டினார். தட்டிவிட்டு, எப்போதும் போல ஒற்றை வார்த்தையோடு நிற்காமல் பேசினார்.

"இது போச்சுங்கம்மா. போன வருசமே போச்சு. இதுக்கு மட்டும் அழிச்சுப்போடாதீங்க. நீங்க செத்ததுன்னு எழுதிக் குடுத்தாத்தான் ரேஞ்ச் ஆபீஸ்ல வெட்டறதுக்கு உத்தரவு போடுவாங்களாமா. உசுருன்னு இருந்தா ஒரு கெளையத் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஆடிக் காத்துக்குத் தாங்காதுங்க. ஊடு பக்கமாத்தான் சாஞ்சு நிக்குது, பாருங்க."

வேங்கையைக் கீறினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் கசியும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. கீறினேன். கத்தி முனையில் சிவப்பாக ஈரம் ஒட்டியது.

"இதா பாரு, பால் வருது" என்றேன்.

"அது பழைய பாலுங்கம்மா. பட்டைக்குள்ள உறைஞ்சு கெடந்தது. விடியால பேஞ்ச பனியில நனைஞ்சு கரையுது. கையில தேய்ச்சுப் பாருங்க, பிசுபிசுப்பே இருக்காது."

நான் தேய்த்துப் பார்க்கவில்லை. தேய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எனக்கே தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை. முதல் பக்கத்து எண்ணை நினைத்தேன். இந்த ஒரு மரத்தின் 'டி'யை விட்டுவைத்தால் திடல் மொத்தமும் இறக்கத்தில் போகும். மறுபடியும் போன், மறுபடியும் அந்தச் சிரிப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"ஏன் நஞ்சா, வேங்கைக் கட்டை மேல கண்ணு வெச்சுட்டயா?"

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த மாசாணிதான் பதில் சொன்னாள், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே. "அந்தக் கட்டைய வெச்சு நாங்க என்னங்கம்மா பண்றது, கட்டில் செஞ்சு ராசாவாட்டம் படுக்கறதா? நீங்க எதைய வேணாலும் எழுதுங்க. காப்பி ஆறிப்போகுது, குடிங்க."

குடித்தேன். 'டி'யை அழித்துவிட்டு 'ஏ' என்று எழுதினேன். அடுத்த பங்குனியிலும் 'ஏ' என்றே எழுதினேன். இந்தத் தடவை கீறக்கூட இல்லை.

அந்த வருட ஆடியில் காற்று கடுமையாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் ஊருக்குப் புதிதல்ல. அம்மியும் பறக்கும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். திடலில் சருகு விழுவதற்கு வலைகள் கட்டியிருந்தோம். சருகை அள்ளி எடை போட நானும் நஞ்சனும் மேற்கு மூலையில் இருந்தோம். மதியம் பன்னிரண்டு இருக்கும். முதலில் ஒரு முறிவு கேட்டது, அப்புறம் தரை அதிர்ந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ பெருசா உழுந்திருக்குது நஞ்சா, என்ன நம்பர்னு போய்ப் பாத்துரலாம்" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் அவர் அங்கே இல்லை. கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு நம்பர் தெரிந்திருந்தது.

மாசாணி அடுப்படியில் இருந்திருக்கிறாள். அடிமரம் தகரக் கூரையோடு சேர்ந்து அவள் மேல் கிடந்தது. நஞ்சன் இரண்டு கையாலும் அந்த மரத்தைத் தள்ளினார். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். நானும் தள்ளினேன். குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து தள்ளினார்கள். அசையவில்லை. அடுப்பில் கூழ் கொதித்து வழிந்துகொண்டே இருந்தது. யாராவது அடுப்பை அணையுங்கள் என்று நான் கத்தினேன். எதற்காக அதைக் கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பக்கத்துச் சுவரை இடித்துத்தான் உடலை வெளியே எடுத்தார்கள். அன்றைக்குத்தான் நான் இரண்டாவது தடவையாக அந்த வீட்டுக்குள் போனது.

விழுந்த மரத்தை அறுக்கும் முன் சுற்றளவு எடுக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஞாபகப்படுத்தினார்கள். போய் எடுத்தேன். மறு முனையைப் பிடிக்க வேறொரு ஆளை அழைத்துப் போனேன். பிறகு ரம்பக்காரர்கள் அறுத்தார்கள். உள்ளே மரமே இல்லை. ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கட்டை, அதுவும் வண்டு துளைத்தது. நடுவெல்லாம் பொடி. கையை விட்டால் தோள் வரை போயிற்று. முதல் பக்கத்து எண்ணில் அத்தனை பாரம் காட்டிய மரம், பிடி பிடியாகக் காற்றில் பறந்து என் முந்தானையெல்லாம் படிந்தது. ரம்பக்காரரில் மூத்தவர் என்னைப் பார்த்து, "இது செத்து ரெண்டு மூணு வருசம் ஆயிருக்குமுங்களே, ஆரும் பாக்கலீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காது கேட்காத மாதிரி நின்றேன்.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன்பு இருநூற்றுப் பதினாலுக்கு நேரே 'ஏ' என்று தெளிவாக இருந்தது. உயிருள்ள மரம், கடுங்காற்றில் விழுந்தது, இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொண்டு போனார். ரேஞ்ச் அலுவலகத்தின் மேல் தப்பில்லை, நம் அலுவலகத்தின் மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. என்னுடைய 'ஏ' எல்லோரையும் காப்பாற்றிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணே, உன் கேள்விக்கு இதுதான் பதில். தப்பான எழுத்தைப் போட்டது ஒரு தப்பு. போட்டது தப்பு என்று அன்றைக்கு அந்த மனுசர் முன்னால் நின்று சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு.

நஞ்சன் வேலைக்குத் திரும்பி வந்தார். வேறு எங்கே போவார்? என்னைத் திட்டவில்லை. முன்புபோலவே டேப்பைப் பிடித்தார். ஆனால் அடுத்த பங்குனியில் அரிவாளைத் திருப்பி மரத்தைத் தட்டவில்லை. முதல் மரத்துக்கு முன்னால் நின்றபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உசுருங்கம்மா" என்றார்.

இரண்டாவது மரம் சந்தேகமில்லாமல் செத்தது, மரங்கொத்தி ஓட்டை போட்டிருந்தது. "உசுருங்கம்மா" என்றார். மூன்றாவதற்கும் அதேதான். திடல் முழுக்க, எல்லா மரத்துக்கும், ஒரே குரலில், உசுருங்கம்மா. கிண்டலாகச் சொன்னாரா என்று முதலில் நினைத்தேன். கிண்டல் இல்லை. அவர் சொல்வதை எழுதுவதில்லை என்று இருபத்தெட்டு வருடம் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நானே தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்டது. எனக்கு அந்தக் காது இல்லை.

உங்களுக்கு நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இல்லை. நான் கடைசியாகப் பார்த்தபோது அந்தத் திடலில் புதிய கன்று எழவே இல்லை, உண்ணிச்செடிதான் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. செத்து நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன, மக்குகின்றன, கோடையில் எரிகின்றன. முப்பது வருடமாக அங்கே சேர்த்து வைத்திருக்கிறது என்று நாம் எழுதியதையெல்லாம் அது காற்றுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சரியாக எழுதினாலும் அது நிற்கப்போவதில்லை. நான் அன்றே சரியாக எழுதியிருந்தாலும் அந்த வேங்கை பிழைத்திருக்காது. மாசாணி பிழைத்திருப்பாள், அவ்வளவுதான். காட்டைக் காப்பாற்றுவோம் என்று நினைத்துக்கொண்டு திடலுக்குப் போகாதீர்கள். அந்த எழுத்தை நம்பிக் கூரைக்கடியில் ஒருத்தி சோறாக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய பங்குனி, என் கடைசி எண்ணிக்கை. முதல் நாள் ரப்பரை உடுமலை பஸ் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பேனா ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கிழக்குக் கல்லுக்குப் பக்கத்தில், வேங்கை நின்ற குழிக்கு இந்தப் பக்கம், ஒரு கருமருது. அடியில் காளான், மேலே ஒரு கிளைகூட முழுதாக இல்லை.

"நஞ்சண்ணா," என்றேன். என் வாயில் அது புதிதாக இருந்தது. "நீங்க தட்டிப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதப் போறேனுங்க."

அவர் மரத்தைப் பார்க்கவில்லை. "உசுருதானுங்கம்மா" என்றார்.

நான் அவருக்கு முன்னாலேயே நோட்டை நீட்டிப் பிடித்து, பேனாவால் 'டி' என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைத் தெரியும், முப்பது வருடம் பார்த்திருக்கிறார். குனிந்து, மை காயாத எழுத்துக்கு மேலே, தொடாமல், விரலைக் கொண்டுபோனார்.

"இந்த வயிறு பெருத்த எழுத்துத்தானுங்களேம்மா?"

"ஆமாங்கண்ணா."

விரலால் அதே வடிவத்தைக் காற்றில் ஒரு தடவை வரைந்தார்.

"எழுதறதுக்கு இவ்வளவு நேரந்தான் ஆகுமுங்களா?" என்று கேட்டார்.

அவர் டேப்பின் முனையை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய் நின்றார். நான் தகட்டைப் பார்த்து எண்ணைப் படித்தேன்.